எந்தத் தட்டுக் குட்டி?

ரெமேதியோஸ் வீட்டுப் பன்றி பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். கத்தாது, கதவை முட்டாது. தொழுவத்து வாசலில் காதைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிடும். முதுகில் கையை ஊன்றி அழுத்தினாலும் அசையாது. தபால்காரர் ஒருமுறை அதன் முதுகில் பையை இறக்கி வைத்து, உள்ளே துழாவி, ரெமேதியோஸின் புருஷன் பார்த்தோலோவுக்கு வந்த தபாலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பன்றி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பெயர் கொந்தேசா. சீமாட்டி என்று பொருள். உடம்பெல்லாம் கறுப்பு. மூக்கு, ஓடிவந்து சுவரில் மோதிக்கொண்டது போல உள்ளே அமுங்கியிருக்கும். ஸ்பெயினில் எங்கள் முர்சியாவின் நாட்டுப் பன்றிக்கு அதுதான் லட்சணம். நீளமூக்கு வெள்ளைப் பன்றிகள் எங்கள் சமவெளி முழுக்கக் கொட்டகை கொட்டகையாக நிற்கின்றன. அவற்றை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கள் ஊர் லாஸ் பலேராஸில் சப்பைமூக்குப் பன்றி வைத்திருந்தது ரெமேதியோஸ் ஒருத்திதான். அவள் கல்யாணமாகி வந்த அன்று பின்னாலேயே டிராக்டரில் ஒரு பன்றியும் வந்து இறங்கியது. கொந்தேசா அதன் வழியில் கடைசி.

போன ஈற்றில் குட்டி குறுக்கே சிக்கிக் கர்ப்பப்பை கிழிந்துவிட்டது. கால்நடை மருத்துவர் தைத்து முடித்து, இனி சினைப்படுத்த வேண்டாம், தங்காது, தங்கினால் தாயும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அதற்கு முன் ஈன்ற பெண் குட்டிகள் இரண்டும் காய்ச்சல் வந்த வருஷத்தில் செத்திருந்தன. ரெமேதியோஸ் பிறகு ஒருநாள் காலையில் என் கடைக்கு வந்தாள். சாலை பிரிகிற இடத்தில் எனக்கு ஒரு சின்ன பார் உண்டு. காபியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள், "லியோக்கா, எனக்கு ஒரே ஒரு பொட்டக் குட்டி போதும். வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். யாரிடம் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. என்னிடம் இருப்பது காபியும் ரொட்டியும்தான்.

கேட்க வேண்டிய ஆள் அவள் வீட்டிலேயே இருந்தாள். மகள் நொயேலியா முர்சியாவில் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தாள். என்ன வேலை என்று பார்த்தோலோவைக் கேட்டால் போதும், கடையில் இருக்கிற ஆர்டிச்சோக் காய் அறுப்பு ஆட்கள் எல்லாரும் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள்.

"என் மவ பன்னிக்குப் புரோக்கர் வேலை பாக்கா" என்பான் பார்த்தோலோ. "பொண்ணு முட்டை ஒரு பக்கம், மாப்பிள்ளை சரக்கு ஒரு பக்கம். தட்டுல வச்சுப் பாத்துக்கிடச் சொல்லுதா. பன்னிக்கு அது தெரியாதாக்கும்!"

ஒரு சனிக்கிழமை நொயேலியாவே அங்கே இருந்தாள். பால் காபியில் ரொட்டியை நனைத்துக்கொண்டு, அப்பா சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுமையாக இருந்தாள்.

"தெரியும்ப்பா. தெரிஞ்சதுதான் தொந்தரவு. மாட்டுக் கருமுட்டைய தட்டுல வச்சா, ஒரு விந்தணு உள்ள போனதும் முட்டை கதவைச் சாத்திக்கிடும். பன்னி முட்டை சாத்தாது. ஒண்ணு போன வழியில நாலு போகும், அஞ்சு போகும். அப்படிப் போனா அது கருவாகாது. ரெண்டு நாள் உருண்டுட்டுக் கிடந்து கெட்டுப்போயிரும்."

"அப்படின்னா நம்ம பன்னிக்கு ஆம்பளத்தனம் கூடிப்போச்சுன்னு சொல்லு."

"ஆமாப்பா. உலகம் பூரா இதுக்குத்தான் மருந்து தேடிட்டு இருக்கோம்."

கடை இடிந்து விழுகிற மாதிரி சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் ஒரு சந்தேகம் நின்றது. நான் கோப்பையைத் துடைத்தபடியே கேட்டேன்: "வயித்துக்குள்ள நடக்கும்போது மட்டும் ஒண்ணுதான போகுது? அங்க யாரு கதவைச் சாத்துதா?"

நொயேலியா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவளிடம் யாரும் இதுவரை அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"அதான் கேள்வி, பெரியம்மா! வழி நீளம், முக்காவாசி வழியிலயே தொலைஞ்சிரும். அது ஒண்ணு. இன்னொண்ணு, கருக்குழாய்க்குள்ள ஒரு நீர் சுரக்கும். ரொம்பக் கொஞ்சம், ஒரு கண்ணீர்த்துளி அளவு. அதுல நனைஞ்ச பிறகு முட்டையோட தோல் இறுகிருது. அந்த நீரை எடுத்து, தட்டுல முட்டைய அதுல ஊறவச்சு, அப்புறமா அணுவை விட்டா, உள்ள போற கூட்டம் குறையுது. நான் பாத்துட்டு இருக்கிறது அதுதான்."

"எல்லாப் பன்னிகிட்டயும் அந்த நீர் இருக்கா?"

"இருக்கு. ஆனா பருவத்துல நிக்கிற பன்னியோடதுதான் நல்லா வேலை செய்யுது."

கதவோரம் ரெமேதியோஸ் நின்றிருந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கையில் ரொட்டிப் பையோடு, மகளையே பார்த்தபடி நின்றாள்.

அடுத்த வாரம் மழை வந்தது. எங்கள் ஊரில் மழை என்றால் அடுப்பில் மிகாஸ் ஏறும். வேறு சமையலை நினைக்கவே மாட்டோம். பூண்டையும் தொத்திறைச்சியையும் எண்ணெயில் போட்டு, மாவைக் கொட்டி, கை ஓயக் கிளற வேண்டும். ரெமேதியோஸ் கிளறிக்கொண்டிருந்தாள். மேசையில் பார்த்தோலோ, நொயேலியா, நான், பிறகு கிறிசாந்தோ. கிறிசாந்தோ எங்கள் சுற்றுவட்டாரத்துக்கே பன்றி அறுக்கிறவன். அவனைச் சாப்பிடக் கூப்பிட்டபோதே விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"கொந்தேசாவ அறுக்கணும்" என்றாள் ரெமேதியோஸ், அடுப்பைப் பார்த்தபடியே.

"அறுத்துருவோம் மதினி. தேய்பிறையில ஒரு நாள் சொல்லுங்க."

"தேய்பிறை வேண்டாம். அது பருவத்துக்கு வார அன்னைக்கு."

கிறிசாந்தோ கரண்டியை வைத்துவிட்டான். பருவத்தில் இருக்கும் பன்றியை எங்கள் பக்கம் யாரும் கத்தியால் தொட மாட்டார்கள். கறி நாறும், உப்பு ஏறாது, தொடை உலராமல் புழு வைக்கும் என்பார்கள். மாமியார் வீட்டில் கேட்டதை மருமகள் வீட்டில் சொல்லி, அது அப்படியே நிலைத்துவிட்டது.

"என் கையால அது நடக்காது. நாளைக்கு ஊர்ல கிறிசாந்தோ அறுத்த கறி நாறுதுன்னு சொல்லுவானுங்க. என் அப்பன் காலத்துல இருந்து..."

"உன் அப்பன் காலத்துல இதைச் சோதிச்சுப் பாத்தவன் யாராவது உண்டா மாமா?" என்றாள் நொயேலியா.

"எதுக்குப் பாக்கணும்? நாறும்னு தெரியும்லா?"

"மோந்து பாத்தியா?"

"ஏ புள்ள, அறுக்காத பன்னிய எப்படி மோந்து பாக்குறது!"

பார்த்தோலோ மேசையில் தட்டிச் சிரித்தான். ரெமேதியோஸ் சிரிக்கவில்லை. சட்டியை இறக்கி நடுவில் வைத்தாள்.

"கறி நாறினா நாறிட்டுப் போகுது. ஒரு வருஷம் கடையில வாங்கித் தின்னுக்கிடுவோம். எனக்கு அதோட முட்டை வேணும், அந்த நீரும் வேணும். அதுக்கு அன்னைக்குத்தான் அறுக்கணுமாம். நீ அறுக்கலைன்னா தொத்தானா ஊர்ல இருந்து ஆள் கூட்டியாருவேன்."

தொத்தானாக்காரனைச் சொன்னதும் கிறிசாந்தோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்டியை மறுபடி எடுத்தான். அவன் சம்மதித்துவிட்டான் என்பதற்கு அதுவே அடையாளம்.

அப்போது நொயேலியா ஒன்று சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், அதற்கே பெரிய சண்டை வந்தது.

"அம்மா, முட்டையில பாதிய நீர்ல ஊறவைப்பேன். மறு பாதிய ஊறவைக்காம அப்படியே விடுவேன்."

"ஏன்? நீர் பத்தாதா?"

"பத்தும். நீர்லதான் வித்தியாசம் வந்துச்சான்னு ஒத்துப்பாக்கணும்லா? அதுக்கு."

"நீயே சொன்ன, நீர் படாத முட்டை கெட்டுப்போகும்னு."

"பெரும்பாலும் கெட்டுப்போகும்."

"தெரிஞ்சே பாதியக் கெடுப்பியா? கொந்தேசாவோட முட்டைய?" ரெமேதியோஸ் கிளறுகட்டையை மகள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா இந்த மிகாஸ்ல பாதிய உப்பில்லாம கிண்டித் தாரேன், திங்கியா? அப்பத்தான் உப்பு ருசின்னு உனக்கு நம்பிக்கை வருமா?"

"அம்மா, எங்க வேலை அப்படித்தான். ஒத்துப்பாக்காம சொன்னா அது வெறும் பேச்சு. மாமா சொல்ற கறி நாத்தம் மாதிரி."

"என்னை எதுக்குடி இழுக்க?" என்றான் கிறிசாந்தோ வாய் நிறைய.

வெளியே மழை ஓடையில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டது. நொயேலியா தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"சரிம்மா. எல்லா முட்டையையும் நீர்லயே போடுதேன். எங்க ஆபீஸ்ல நான் சொல்லிக்கிடுதேன்."

அதற்குப் பிறகுதான் ரெமேதியோஸ் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஜனவரியில் பாதாம் மரங்கள் மொட்டு வைத்திருந்தபோது கொந்தேசா வாசலில் காதைத் தூக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் காலையில் முற்றம் முழுக்க வெங்காய ஆவி. குடலில் ரத்தம் அடைக்கும் தொத்திறைச்சிக்கு முந்தின நாளே வெங்காயம் வெந்திருந்தது. பீப்பாய் அடுப்பில் தண்ணீர் தளதளத்தது. கால்நடை மருத்துவர் பன்றியை மயக்கி விழவைக்க, கிறிசாந்தோ கத்தியை இறக்கினான். ரெமேதியோஸ் அந்த நேரத்துக்கு மட்டும் வீட்டுக்குள் போய்விட்டாள். வாளியில் விழுகிற ரத்தம் உறையாமல் கையை விட்டுக் கலக்குவது எப்போதும் என் வேலை. சூடாக இருந்தது. கொந்தேசாவின் முதுகில் எத்தனையோ முறை கை வைத்திருக்கிறேன்.

"முடி வழிக்கிறதுக்கு முன்னால வயித்தைத் திறக்கச் சொன்ன மொத ஆளு நீதான்" என்று கிறிசாந்தோ நொயேலியாவைத் திட்டிக்கொண்டே திறந்தான்.

நொயேலியா வெள்ளை பூட்ஸும் கையுறையும் போட்டு, குனிந்து, அந்தக் குடல் குவியலுக்குள் கையை விட்டாள். முட்டைப்பைகள் இரண்டும் திராட்சைக் கொத்துபோல வந்தன. வெட்டி, வெதுவெதுப்பான உப்புநீர் இருந்த ஃபிளாஸ்க்கில் போட்டாள். கருக்குழாய்கள் இரண்டையும் வெட்டித் தட்டில் கிடத்தினாள். முட்டைக்குச் சூடு வேண்டும், குழாய்க்குக் குளிர் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். ஐஸ் பெட்டி வண்டியில்தான் இருந்தது.

"அம்மா, தட்டுல நாய் வாய் வைக்காம பாரு!"

ரெமேதியோஸ் பார்த்தாள். நாய் வாய் வைக்கவில்லை. ஆனால் தட்டில் கிடந்ததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. பன்றி அறுக்கிற வீட்டில் பெண்களுக்குக் குடல் கழுவுவதில்தான் மானம். கறி எப்படியும் இருக்கட்டும். குடலை மூக்கருகே கொண்டுபோனால் எலுமிச்சை மணம் மட்டும் வர வேண்டும். எந்த வீட்டில் எப்படிக் கழுவினார்கள் என்று அடுத்த பன்றி வரைக்கும் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன். ரெமேதியோஸ் கழுவின குடலைப் பற்றி மட்டும் யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் தட்டில் கிடந்ததோ ரத்தமும் சளியுமாக ஒரு சாமான். அதைப் பல்கலைக்கழகத்தில் நாலு படித்தவர்கள் திறந்து பார்க்கப் போகிறார்கள். லாஸ் பலேராஸ் ரெமேதியோஸ் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லப் போகிறார்கள்.

நொயேலியா ஐஸ் பெட்டியோடு திரும்பி வந்தபோது ரெமேதியோஸ் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர்த் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு குழாயை முனையிலிருந்து முனைவரை இரண்டு விரலால் வழித்துப் பிழிந்து, தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் விரித்திருந்தாள். பளபளவென்று இருந்தது. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!"

அந்தச் சத்தத்தில் கிறிசாந்தோவின் கத்தியே நின்றுவிட்டது.

"என்ன புள்ள? சளியா இருந்துச்சு. கழுவித் தாரேன்."

"அந்தச் சளிதாம்மா வேணும். அந்த நீருக்குத்தான் இவ்வளவும்."

ரெமேதியோஸ் தன் விரல்களைப் பார்த்தாள். பிறகு கீழே கல்லைப் பார்த்தாள். அவள் பிழிந்து விட்டதை நாய் நக்கி முடித்திருந்தது.

 நொயேலியா வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில் என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் ஆனது. ரெமேதியோஸ் கையில் இருந்த மற்ற குழாயை, பிறந்த குழந்தையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் ஏந்தி ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். "நானே கெடுத்துட்டேன். என் கையாலயே கெடுத்துட்டேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வண்டியை நான்தான் ஓட்டினேன்; நொயேலியா ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வெங்காய மணம் வீசும் ஏப்ரனோடு ரெமேதியோஸ் பின்னால் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கை மடியில் கட்டிப் பிடித்திருந்தாள். பல்கலைக்கழக வாசலில் எங்களைத் தடுத்த காவலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டான்.

உள்ளே நொயேலியா வேறு ஆளாக இருந்தாள். ஊசியால் முட்டைப்பையிலிருந்து உறிஞ்சி எடுத்து, தட்டில் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் எங்களைப் பார்க்கச் சொன்னாள். ரெமேதியோஸ் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"கறுப்பா இருக்கே. கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. கொழுப்பு. பன்னி முட்டை அப்படித்தான் இருக்கும், உள்ளுக்குள்ள ஒண்ணும் தெரியாது."

"முட்டைக்குள்ளயே கொழுப்பா!" என்றேன் நான். "கொந்தேசாவா கொக்கா."

ரெமேதியோஸ் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

குழாயிலிருந்து எடுத்த நீரை நொயேலியா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மெல்லிய கண்ணாடிக் குழலின் அடியில் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

"பாதி முட்டைக்குத்தான் வரும்மா. மீதி சும்மாதான் போகணும்."

"அப்ப நீ கேட்டபடியே ஆயிடுச்சு."

"நான் கேக்கலம்மா. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே."

இரண்டு தட்டுகள். முட்டைகளைப் பதமாக்கி, ஒன்றை நீரில் ஊறவைத்து, இன்னொன்றை ஊறவைக்காமல், இரண்டிலும் பக்கத்து ஊர் சப்பைமூக்கு ஆண்பன்றியின் விந்தை விட்டாள். அது எங்கள் கண் முன்னால் நடக்கவில்லை. எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். முட்டைகளைப் பார்க்கும் நாளில் ரெமேதியோஸ் என் கடை திறக்குமுன்பே வாசலில் வந்து நின்றாள்; இருவருமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம்.

நொயேலியா முட்டைகளை ஒரு கருவியில் போட்டுச் சுற்றவிட்டாள். சுற்றினால் கொழுப்பு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், உள்ளே என்ன நடந்தது என்று தெரியும் என்றாள். முதலில் நீர் படாத தட்டு. நான் பார்த்தபோது முட்டைக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன, திருவிழா பஸ் மாதிரி.

"ரெண்டே வட்டம் இருந்தாத்தான் நல்லது. ஒண்ணு தாய், ஒண்ணு தகப்பன்" என்றாள் நொயேலியா. "இதுல பூரா தகப்பனா இருக்கு."

நீரில் ஊறிய தட்டிலும் கெட்டவை இருந்தன. ஆனாலும் இரண்டு வட்டங்களோடு அடக்கமாக இருந்தவை அதில்தான் கிடைத்தன. ரெமேதியோஸ் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முதல் தட்டுக்குத் திரும்பி வந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.

"நொயேலியா, இங்க ஓரத்துல ஒண்ணு கெடக்கு. இதுலயும் ரெண்டுதான் இருக்கு."

நொயேலியா பார்த்தாள். "ஆமா. இது நல்ல முட்டைதான்."

"இதுக்கு நீரே படலியே. இது மட்டும் எப்படிக் கதவைச் சாத்துச்சு?"

"தெரியலம்மா."

"உனக்குத் தெரியலையா, இல்ல யாருக்குமே தெரியலையா?"

"யாருக்கும் சரியாத் தெரியல."

ரெமேதியோஸ் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் தெரியாது என்று சொல்ல முடிகிறதே என்று ஆச்சரியப்பட்டதுபோல இருந்தது. மறுபடி குனிந்து அந்த ஓரத்து முட்டையையே பார்த்தாள்.

நல்லவை கொஞ்சமே தேறின. நொயேலியா ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தாள்: இரண்டு வாடகைத் தாய்ப்பன்றிகளில் தனித்தனியாக வைத்தால் எந்தத் தட்டில் இருந்து என்ன வந்தது என்று தெரியும். ஆனால் தனியாக ஒன்றை வைத்தால் அது தங்காது. பன்றி வயிற்றில் நாலைந்தாவது சேர்ந்து இருந்தால்தான் சினை நிற்கும்.

"எல்லாத்தையும் ஒரே வயித்துல வை" என்றாள் ரெமேதியோஸ். "ஒண்ணையும் வீணாக்காத."

நொயேலியா அப்படியே செய்தாள். துணைக்கு, ஒரு வயிற்றுக்கு மட்டும் கிடைத்த வெள்ளைப் பன்றிக் கருக்களையும் சேர்த்து, பல்கலைக்கழகப் பண்ணையில் இருந்த வெள்ளைப் பன்றி ஒன்றின் வயிற்றில் வைத்தாள். அது சினை நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். கொந்தேசாவின் தொத்திறைச்சி பார்த்தோலோ வீட்டு உத்தரத்தில் காய்ந்தது. நாறுகிறதா இல்லையா என்று ஊரே வந்து மூக்கை நீட்டியது. கிறிசாந்தோ என் கடையில் உட்கார்ந்து ஒரு துண்டு தின்றான், இன்னொரு துண்டு தின்றான்.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றான் பார்த்தோலோ.

"நாத்தம் இருக்கத்தான் செய்யுது."

"பின்ன ஏன் தட்டைக் காலி பண்ணுத?"

"உறுதியாச் சொல்லணும்லா."

பாதாம் பூத்துக் கொட்டி, ஆர்டிச்சோக் அறுப்பு முடிந்து, ஆப்ரிகாட் பழம் பழுக்கும் மே மாதத்தில் நொயேலியாவிடமிருந்து போன் வந்தது. பண்ணைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைப் பன்றி பக்கவாட்டில் படுத்து முக்கிக்கொண்டிருந்தது. காலை வெயில் கொட்டகைத் தகரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் வந்தது வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. ஒவ்வொன்று வரும்போதும் பார்த்தோலோ எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

பிறகு ஒரு கறுப்பு வந்தது. ரெமேதியோஸ் எழுந்துவிட்டாள். நொயேலியா அதைத் துடைத்து, வாயில் இருந்த சளியை எடுத்து, நெஞ்சைத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். அது ஆண், உயிரில்லை. அதைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தபோது ரெமேதியோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

இன்னும் இரண்டு வெள்ளை. பன்றி அடங்கிவிட்டது. முடிந்தது என்றுதான் நினைத்தோம். நொயேலியா கையுறையைக் கழற்றப் போனபோது பன்றி மறுபடி ஒருமுறை காலை நீட்டி முக்கியது. கைப்பிடி அளவுதான் இருக்கும், கறுப்பாக ஒன்று வைக்கோலில் வந்து விழுந்து, விழுந்த இடத்திலேயே வீறிட்டது. அந்த அமுங்கின மூஞ்சியைப் பார்த்ததும் பார்த்தோலோ கத்தினான்: "சீமாட்டி வந்துட்டா டோய்!"

நொயேலியா தூக்கிப் பார்த்தாள். "பொட்டைம்மா" என்றாள்.

ரெமேதியோஸ் குட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நாங்கள் எல்லாரும்தான் அழுதோம்; பார்த்தோலோ வெயில் கண்ணில் குத்துகிறது என்றான். குட்டியின் காதைத் துடைத்தாள், காலைத் துடைத்தாள், மூக்கைத் தன் மூக்கோடு வைத்துப் பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே மைக்ரோஸ்கோப் அருகே பார்த்திருந்தேன்.

"நொயேலியா, இது எந்தத் தட்டு?"

"என்னம்மா?"

"நீர்ல ஊறினதா, இல்ல அந்த ஓரத்துல கெடந்த ஒத்தை முட்டையா?"

"தெரியாதும்மா. எல்லாத்தையும் ஒண்ணாத்தான வச்சோம்."

"ரத்தத்தைப் பாத்துச் சொல்ல முடியாதா?"

"முடியாது. ரெண்டு தட்டுக்கும் ஒரே தாய், ஒரே தகப்பன்."

"எந்திரத்துல சுத்திப் பாத்தா?"

"குட்டிய எப்படிம்மா சுத்துறது!"

"அப்ப இனி எப்பவுமே தெரியாதா?"

"எப்பவுமே தெரியாது."

ரெமேதியோஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "தனித்தனியா வைக்கிறதுக்கென்ன? இவ்வளவு படிச்சவ, இது தோணலையா உனக்கு?"

நொயேலியா வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். மிகாஸ் சட்டியும் நீட்டிய கிளறுகட்டையும், எல்லாவற்றையும் ஒரே வயிற்றில் வை என்று ரெமேதியோஸே சொன்னதும் எனக்கும் நினைவு வந்தன.

குட்டியை வெள்ளைப் பன்றியின் காம்பில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம். வண்டியில் ரெமேதியோஸ் சந்தோஷமாக இருந்தாள், அது முகத்தில் தெரிந்தது; ஆனால் சட்டையில் முள் சிக்கிக்கொண்டவள்போல நெளிந்துகொண்டே வந்தாள். என் கடையில் இறங்கி, காபி போட்டுக் கொடுத்ததும் அதைத் தொடாமல் மகளைக் கேட்டாள்.

"அறுக்காம முட்டை எடுக்க வழி இருக்கா?"

"இருக்கு. கொந்தேசாவுக்குத் தையல் போட்ட வயிறு, அதுல முடியாது; இதுக்கு மயக்கம் குடுத்து, ஊசி போட்டு எடுக்கலாம், நீரை அறுக்கிற வேற பன்னிகிட்ட எடுத்துக்கிடலாம். பன்னிக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப இது வளந்து பருவத்துக்கு வரட்டும்."

"வந்தா?"

"பாதி பாதி வை" என்றாள் ரெமேதியோஸ். "உப்புப் போட்டது ஒரு தட்டு, போடாதது ஒரு தட்டு. ரெண்டு பன்னி வயித்துல, தனித்தனியா. அந்த ஒத்தை முட்டைக்குக் கதவைச் சாத்த யாரு சொல்லிக் குடுத்தான்னு நான் பாத்தே ஆகணும்."

பார்த்தோலோ தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு புரோக்கர் இருந்தா வீட்டுல. இப்ப ரெண்டா?"

ரெமேதியோஸ் அவனைக் கண்டுகொள்ளவில்லை. காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மகள் பக்கம் குனிந்தாள்.

"தட்டுல பேரு எழுதி வை புள்ள. நான் ஒண்ணையும் கழுவ மாட்டேன்."